துணைவஞ்சியும் பாஞ்சாலங்குறிச்சியும்



ஓட்டப்பிடாரத்து மேடையில் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். நடந்தே போய்வரக்கூடிய தொலைவிலுள்ள அம்மண்ணின் கதையை இங்குள்ள சிறுவரும் அறிவர். 1799ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேனின் படை கோட்டையைத் தாக்கியது. அதே செப்டம்பர் 5இல், எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, இவ்வூரில் வ.உ.சிதம்பரனார் பிறந்தார். நாள்கள் இவ்வாறு பொருந்துவதில் தனிப்பொருள் ஏதுமில்லை. எனினும் ஊரார் அதைச் சொல்லி மகிழ்வதில் பிழையுமில்லை.

கட்டபொம்மனின் வீரமும் ஊமைத்துரையின் வீரமும் நா.வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலில் உள்ளன; 1959இல் வந்த திரைப்படத்தின் வாயிலாக ஊர்தோறும் ஒலித்தும் விட்டன. இன்று எழுப்ப விரும்பும் வினா கோட்டைக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியது. ஆங்கிலேயர் இம்மண்ணின்மீது போர் தொடுத்தபோது, அந்நாட்டவருள் எவரேனும் ‘இது அறமன்று’ என்றனரா? தன் நாடு தொடங்கும் போரைத் தன் நாட்டவனே தடுத்துரைக்கும் சொல் எங்கே பிறக்கிறது, எப்போது பிறக்கிறது, என்ன விலை கொடுக்கிறது? இவ்வினா புலவர்கள் நிறைந்த அவைக்கு அயலானதன்று. தமிழ் இத்தகைய சொல்லுக்கு ஒரு துறையே வகுத்துப் பெயரும் இட்டிருக்கிறது. துணைவஞ்சி என்பது அப்பெயர்.

பிறரை வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்கும் மன்னனுக்குச் சிலவற்றை எடுத்துரைத்துச் சந்து செய்விப்பது துணைவஞ்சி என்பர். புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றின் அடியில் இத்துறைக்குறிப்பு காணப்படுகிறது. கருவூரை முற்றுகையிட்டிருந்த கிள்ளிவளவனிடம் ஆலத்தூர் கிழார் பேசுகிறார். காவல்மரங்கள் வெட்டப்படும் ஓசை தன் கோயிலுள் கேட்கவும் வெளிவராது இனிதிருக்கும் ஒருவனோடு பொருவது உனக்கே நாணத்தக்கது என்பது அவர் வாதம். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் கேட்டுக்கொண்டது இன்னும் சிறியது. வயல் கொள்ளைபோகட்டும், ஊர் எரியட்டும் என்றெல்லாம் இசைந்துவிட்டு, காவல்மரத்தை மட்டும் வெட்டாதே என்கிறார். படிக்கும்போது இது ஏமாற்றமளிக்கிறது. ஊர் எரிவதற்கு உடன்பட்ட பின் மரத்துக்காக மன்றாடுவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொடி ஏற்றிப் புறப்பட்டுவிட்ட மன்னனின் முன்னே நிற்கும் புலவனுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு மரம்தான் என்றால் அம்மரத்தையேனும் கேட்கத்தானே வேண்டும்?

இத்துறையின் தலைமகன் கோவூர் கிழார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருக்க, இருவருக்கும் நடுவில் நின்று பேசியவர் அவர். முற்றியவனும் முற்றப்பட்டவனும் சூடியிருப்பது ஒரே ஆத்தியே ஆதலின், எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடி என்று காட்டுகிறார். இப்பாடல் பாடநூல்களில் இடம்பெற்றுப் புகழடைந்துவிட்டது. ஆயினும் கோவூர் கிழாரின் பெருமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவதில் ஒரு தயக்கம் உண்டு. இங்கே அவர் தடுப்பது குடிக்குள் நிகழும் போரை. எதிரே நிற்பவன் சேரனாகவோ பாண்டியனாகவோ இருந்திருந்தால் இந்த வாதம் எழுந்திராது. இதே புலவர் நலங்கிள்ளி பாண்டிநாட்டுக் கோட்டைகளைக் கைப்பற்றியதை மகிழ்ந்து பாடியும் இருக்கிறார். அதனை மறைத்துவிட்டு அவரை அமைதித் தூதர் என்று மட்டும் புகழ்வது முழுமையாகாது.

அவரை உயரத்தில் நிறுத்துவது அடுத்த பாடல், புறம் 46. கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்து நிற்கிறான். இங்கே குடிப்பெருமை பேசிப் பயனில்லை. அவர்கள் பகைவன் பிள்ளைகள். கோவூர் கிழார் முதலில் மன்னனுக்கு அவன் முன்னோரை நினைவூட்டுகிறார். ஒரு புறாவின் துயர் தீர்த்த மரபு அது. பின்னர் அச்சிறுவரின் மரபைச் சொல்கிறார். புலவர்க்குப் பகுத்துண்டு வாழ்ந்தவர் வழியினர் அவர்கள். அதன்பின் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். பிள்ளைகள் யானையைக் கண்டதும் தம் அழுகையை மறந்துவிட்டனர். கூடியிருக்கும் புதிய கூட்டத்தைப் பார்த்து மருளுகின்றனர். தங்களைக் கொல்ல வந்த யானையையே வேடிக்கை பார்க்கும் குழந்தைகளைக் காட்டிய பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் சொன்னதைக் கேட்டாய். இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்துவிடுகிறார். அறம் இது என்று கற்பிக்கவில்லை. நரகம் உண்டென்று அச்சுறுத்தவும் இல்லை. பிள்ளைகள் உய்ந்தனர் என்பதைப் பாட்டின் அடிக்குறிப்பு அறிவிக்கிறது.

துணைவஞ்சிக்கு இரண்டு இலக்கணங்களை இதிலிருந்து வருவிக்கலாம். சொல்பவன் வலியவன் பக்கத்தில் நிற்பவனாக இருத்தல் வேண்டும். சொல், யானை காலை வைக்குமுன் வருதல் வேண்டும். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு வரலாம்.

கும்பினியின் போர்களுக்கு எதிரான சொல் இங்கிலாந்தில் பிறக்காமல் இல்லை. வியப்பு என்னவெனில், அது சட்டமாகவே பிறந்தது. 1784ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடுகளை வெல்வதும் ஆட்சியை விரிப்பதும் அந்நாட்டின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்று வெளிப்படையாக அறிவித்தது. மறு ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நெடிய உரை ஆற்றினார். கும்பினி ஊழியர்கள் நவாபுக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டிய கடன்களின் பொய்ம்மையையும், அக்கடனைத் தீர்க்கக் கருநாடகத்து உழவர் பிழியப்பட்ட கொடுமையையும் அவர் எடுத்துரைத்தார். உரை புகழ்பெற்றது, வாக்கெடுப்பில் தோற்றது. கடன்பட்ட நவாப் 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் வாங்கும் உரிமையைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். பாஞ்சாலங்குறிச்சியின் வாயிலுக்குக் கப்ப பாக்கி கேட்டு வந்த ஆள் அந்தக் கடன் சீட்டின் வழியேதான் வந்தான்.

1798இல் இன்னொரு வாய்ப்பு அமைந்தது. இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நிகழ்ந்த மோதலை விசாரிக்கக் கும்பினியே ஒரு குழுவை அமைத்தது. குழு இருதரப்பையும் கேட்டுக் கட்டபொம்மன்மீது குற்றமில்லை என்று கண்டது, ஜாக்சன் பதவியிழந்தார். தன் அலுவலனே தவறு செய்தான் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது. ஓர் ஆண்டு நிறைவதற்குள் அதே அரசு பீரங்கிகளை அனுப்பியது. சட்டத்தில் இருந்த அறமும் குழுவின் அறிக்கையில் இருந்த அறமும் பீரங்கி வண்டியின் சக்கரத்தில் ஒரு கல்லாகக்கூட இடறவில்லை.

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை அடுத்து, பானர்மேன் தம் மேலிடத்துக்கு எழுதிய மடல் இங்குப் பலரும் அறிந்தது. விசாரணையின்போது அஞ்சாது நின்றதையும், எட்டயபுரத்தார் மீது இகழ்ச்சிப் பார்வை வீசியதையும், கோட்டையை விட்டு வந்ததற்காக மட்டும் வருந்தியதையும் அவர் மறைக்காமல் எழுதினார். இதனைப் பகைவனின் பெருந்தன்மை என்று பேசுவோர் உளர். சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். வென்றவன் தோற்றவனின் வீரத்தைப் புகழ்வது ஒருவகையில் தன் வெற்றியின் விலையை உயர்த்திக்கொள்வதே. தும்பைத்திணைப் பாடல்களிலும் இதனைக் காணலாம். வீரத்தைப் புகழ்வது வேறு, போரைப் பழிப்பது வேறு. பானர்மேன் முன்னதைச் செய்தார். பின்னதன் பக்கம் அவர் போகவே இல்லை.

அப்பக்கம் சில அடிகள் வைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ்.

1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை ஒரு வாரத்துக்குள் மீண்டும் எழுந்து நின்றது. அதைக் கண்டு திகைத்த படையில் இளம் அதிகாரியாக இருந்தவர் வெல்ஷ். ஏறத்தாழ நாற்பதாண்டுப் படைப்பணியின் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து 1830இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூல், பாஞ்சாலங்குறிச்சிப் போருக்கு இன்றளவும் முதன்மைச் சான்று. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலும் இதனை விரிவாக எடுத்தாளுகிறது.

மே 24இல் கோட்டை வீழ்ந்தபின் நடந்த ஒன்றை வெல்ஷ் பதிந்திருக்கிறார். பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டுகிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிச் செல்கின்றனர். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தி, அம்மை கண்டு இறந்தவன் என்று சொல்லிக் காக்கின்றனர். மகனை விட்டுவிட்டு வந்த அத்தாயின் பெயரை வெல்ஷ் அறியவில்லை. இம்மண்ணும் பதிந்து வைக்கவில்லை. பேச இயலாத, மெலிந்த உடம்பினராகிய ஊமைத்துரையிடம் மக்கள் வைத்திருந்த அன்பை வெல்ஷ் வியப்போடும் ஏக்கத்தோடும் எழுதுகிறார். அவ்வாண்டு நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. ஊர்ப்பெயரே பதிவேடுகளிலிருந்து அகற்றப்பட்டது.

இதுவரை எழுதியவற்றில் வெல்ஷ், பானர்மேனைவிட நெஞ்சீரம் மிக்கவர், அவ்வளவே. அவர் எழுத்து திசைமாறுவது சின்னமருதுவைப் பற்றிப் பேசும் இடத்தில். 1795இல், மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, சிவகங்கைச் சீமையைக் கடந்து சென்ற வெல்ஷுக்குச் சின்னமருது நண்பரானார். சிறுவயல் அரண்மனையில் காவலே இல்லை. எவரும் நுழையலாம், எவரும் திரும்பலாம். அங்கிருந்து மதுரைக்கு நல்லரிசியும் பழங்களும் வரும். சொரசொரத்த தோலுடைய ஒரு பெரிய ஆரஞ்சுப்பழத்தின் இனிமையை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் வெல்ஷ் நினைவு வைத்திருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்பித்தவர் சின்னமருதுவே. கைதேர்ந்தவன் வீசினால் நூறு கெஜத்துக்குள் குறிதவறாத படைக்கலம் அது என்று மாணவனின் பெருமிதத்தோடு எழுதுகிறார். அடுத்த மூச்சிலேயே, அந்த மனிதரைத்தான் காட்டு விலங்கைப்போல வேட்டையாட நேர்ந்தது, தொடை முறிந்து சிறையில் கிடக்கக் கண்டது, தமையனோடும் மகனோடும் தூக்குமரத்தில் தொங்கக் கண்டது என்று அடுக்குகிறார். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் நிகழ்ந்தது அது.

போர் அநீதியானது என்று வெல்ஷ் எங்கும் ஒரு வாக்கியம் எழுதவில்லை. பழத்தையும் தூக்குமரத்தையும் அருகருகே வைத்தார். அதுவே அவரால் இயன்ற கண்டனம். ஒருவேளை கண்டனம் என்னும் சொல் மிகை. ஒப்புதல் வாக்குமூலம் எனல் பொருந்தும். அதற்கும் வரம்பு இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1809இல், வேலுத்தம்பியின் படைக்கு எதிராக ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் இதே வெல்ஷ்தான். திருப்பத்தூர்த் தூக்குமரம் அவர் வாளைத் தடுக்கவில்லை. அவரைக் கடுமையாக எடைபோடுவோர் இதனை முதலில் எடுத்துவைப்பர். சம்பளம் வாங்கும் சிப்பாய்க்குத் துணைவஞ்சி பாடும் உரிமை ஏது என்று விடை கூறுவாரும் உண்டு. கோவூர் கிழாருக்கு முன் ஒரு மரபு இருந்தது. புலவன் சொல்லுக்கு மன்னன் செவிதாழ்த்துவது அம்மரபு. படையதிகாரி ‘மாட்டேன்’ என்றால் அவனுக்குக் காத்திருப்பது இராணுவ நீதிமன்றம்.

வெள்ளையனின் மனச்சான்றைத் துருவி ஆராய்வது எளிது. துணைவஞ்சியின் முதல் இலக்கணம், சொல்பவன் தன் பக்கத்தாரை நோக்கிச் சொல்ல வேண்டும் என்பது. அவ்வாறாயின் இதே கடற்கரையில் நின்று கிழக்கே பார்க்கவும் வேண்டும். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இந்தியப் படை அமைதி காக்க ஈழம் சென்றது. அக்டோபரில் அதுவே போரில் இறங்கியது. அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவரும் செவிலியரும் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் மாண்டனர். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் மு.கருணாநிதி வரவேற்புக்குச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலை. நாட்டின் படையை அவமதித்தார் என்று அவர்மீது பழி எழுந்தது. ஆணைக்குக் கீழ்ப்பட்டுப் போய் மாண்ட வீரனின் தாய்க்கு அந்த வெற்றிடம் எப்படிப்பட்டிருக்கும் என்பதும் எண்ணத்தக்கதே. கூட்டி வந்த உடல்களுக்கு அஞ்சலியும் அனுப்பிய முடிவுக்கு மறுப்பும் ஒரே மேடையில் நிற்க வழியிருந்ததா என்பது விடை எளிதில் கிடைக்காத கேள்வி. ஒன்று சொல்லலாம்: வராமல் இருந்தது 1990 மார்ச்சில், யானையின் கால் அழுந்தியதோ 1987 அக்டோபரில்.

கால் அழுந்திக்கொண்டிருந்தபோதே பேசியவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த மருத்துவர் ராஜினி திராணகம. இயக்கத்தின் காயமுற்ற இளைஞருக்கு ஒரு காலத்தில் மருத்துவம் செய்தவர். பின்னர் சக ஆசிரியர் மூவரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ நூலை எழுதினார். அதில் இலங்கைப் படையின் கொடுமையும் இந்தியப் படையின் கொடுமையும் உள்ளன. தம் மக்களின் பெயரால் துப்பாக்கி ஏந்தியோரின் கொடுமையும் அதே கையால் எழுதப்பட்டிருக்கிறது. புறநானூற்றில் இளந்தத்தன் என்னும் புலவன், நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தான் என்பதற்காகவே ஒற்றன் என்று கொலைக்குத் தயாரானான். கோவூர் கிழார் பாடி அவனை மீட்டார். இருபக்கமும் பேசுவோன் ஒற்றன் என்னும் எண்ணம் ஈராயிரம் ஆண்டுப் பழையது. 1989 செப்டம்பர் 21 மாலை, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. அந்தத் தெருவில் ஒரு கோவூர் கிழார் இல்லை.

வெல்ஷின் கதையில் சொல்லாது விட்ட பகுதி ஒன்று உண்டு. அது தூத்துக்குடித் துறையில் தொடங்குகிறது. போரில் உயிரோடு பிடிபட்டோரை நாடு கடத்தக் கும்பினி முடிவு செய்தது. 1802 பிப்ரவரி 11இல், முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற இத்துறையிலிருந்து, எழுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் பினாங்குக்குப் புறப்பட்டது. சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரும் பாஞ்சாலங்குறிச்சியைச் சேர்ந்தோரும் அதில் இருந்தனர். சின்னமருதுவின் இளைய மகன் துரைசாமியும் இருந்தான். ஏறத்தாழப் பதினைந்து வயது. கரையில் அக்கைதிகளைக் காவல் செய்யும் பொறுப்பு வெல்ஷிடம் வந்து சேர்ந்தது. வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரின் மகன் விலங்கோடு எதிரில் நின்றான். தம் கைக்கு எட்டிய அளவில் அவன் துன்பத்தைத் தணிக்க வெல்ஷ் முயன்றார், கப்பல் கடலேறிற்று.

புறம் 46இன் பிள்ளைகளும் இச்சிறுவனும் ஒரே நிலையினர். தந்தையின் பகைக்காகத் தண்டிக்கப்படுவோர். அன்று மன்னன் அருகிலேயே இருந்தான், புலவர் பேசினார், யானை நின்றது. தூத்துக்குடிக் கரையில் நின்றவருக்கு மன்னன் சென்னையிலும் கல்கத்தாவிலும் இலண்டனிலும் இருந்தான். செவிசாய்க்க ஒரு முகமே இல்லாத அரசிடம் எதைப் பாடுவது?

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1818இல் வெல்ஷ் பினாங்கு சென்றிருந்தார். தளர்ந்து, வாடி, முதுமை தோன்றிய ஒரு மனிதர் அவரைத் தேடி வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று வினவினார். வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைசாமி. கணக்கிட்டால் அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயதுதான். அந்தப் பெயர் காதில் விழுந்த கணம் நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்தது என்று வெல்ஷ் தம் நூலில் எழுதி வைத்தார்.